பால் வற்றாது, பெற்றவள் வற்றலாம்

பால் கொடுக்கிற பெண் ஒருத்தி உடல் எடையைக் குறைக்க நினைத்தால், வீட்டில் எழும் முதல் கேள்வி ‘பால் வற்றிப்போகாதா?’ என்பதுதான். ஆஸ்பத்திரியிலும் அதே கேள்விதான், கொஞ்சம் நாகரிகமான சொற்களில். குழந்தைக்கு ஆகாது என்றால் எடையைக் குறைக்கவே கூடாது. குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்றால் எப்படி வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம். பேச்சு இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முடிகிறது. இரண்டு முடிவும் தவறு. கேள்வியைக் குழந்தையோடு நிறுத்திக்கொள்வதால் வருகிற தவறு. ஆய்வுகளை வைத்துப் பார்த்தால், தாய்ப்பால் நாம் பயப்படுகிற அளவுக்கு மெலிந்த சரக்கல்ல. மிதமாக எடை குறைவதால் அது குறைவதில்லை. உடல் தன் கையிருப்பை எடுத்துக் கொடுத்தாவது பாலைக் காப்பாற்றிவிடும். அந்தக் கையிருப்பு என்பது தாயின் எலும்பும் தசையும் ரத்தமும். பால் நன்றாக ஊறிக்கொண்டிருப்பதாலேயே அவளுடைய இழப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. ஆகவே, பாலூட்டும் காலத்தில் எடை குறைப்பது பத்திரமா என்று கேட்டால், யாருக்குப் பத்திரம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

பால் ஊறும் விதத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பிரசவம் முடிந்த முதல் சில நாட்களில் சுரப்பை ஹார்மோன்கள் தொடங்கிவைக்கின்றன. அதற்குப் பிறகு கணக்கு குழந்தையின் கைக்கு, சரியாகச் சொன்னால் வாய்க்கு, மாறிவிடுகிறது. குழந்தை சப்பும்போது தாயின் உடலில் புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது. ஆக்சிடோசின் அதை வெளியே தள்ளுகிறது. மார்பு காலியாகக் காலியாக அடுத்த பால் வேகமாக ஊறும். பால் கட்டி நின்றால் சுரப்பு தானாக அடங்கும். ‘பால் போதவில்லை’ என்கிற வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது, குழந்தை மார்பைச் சரியாகப் பற்றுகிறதா, இரவிலும் சப்புகிறதா, நடுவில் புட்டிப்பால் நுழைந்துவிட்டதா என்பவற்றை. பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் நல்ல சாப்பாடுதான், அதில் சண்டையில்லை. ஆனால் தாய் கூடுதலாகச் சாப்பிட்டால் பாலும் கூடுதலாக ஊறும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் கேனெபா என்ற கிராமத்தில், வறுமையில் இருந்த பாலூட்டும் தாய்மார்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 கலோரி கூடுதல் உணவு கொடுத்து, ஆண்ட்ரூ பிரெண்டிஸ் குழுவினர் பாலை அளந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் வெளியான முடிவு பலரைத் திகைக்க வைத்தது. தாய்மார்களின் எடை சற்றுக் கூடியது, பாலின் அளவு கூடவில்லை. அதற்கும் முன்பே, குன்னூரில் இயங்கிவந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சி. கோபாலன் 1950களில் ஏழைத் தாய்மார்களின் பாலை ஆராய்ந்து, குறைந்த உணவிலும் அவர்கள் மாதக்கணக்கில் பால் கொடுத்துவந்ததைப் பதிவு செய்திருக்கிறார். கடும் பஞ்சத்தில் பால் குறையும், உண்மை. மதியச் சோற்றில் ஒரு கரண்டி குறைப்பது பஞ்சமல்ல.

இதை வைத்துக்கொண்டு பாட்டிமார்களைக் குறைசொல்வது எளிது, நியாயமல்ல. பச்சை உடம்புக்காரியை அடுப்படியிலிருந்து விலக்கி உட்கார வைத்து, நெய்யும் லேகியமும் கொடுத்த வழக்கம், வயிறார ஒருவேளைச் சோறு அரிதாக இருந்த காலத்தில் உருவானது. கருவுற்றிருந்தபோதும் களையெடுக்கப் போனவளுக்கு அந்த நாற்பது நாள் ஓய்வும் தீனியும் உயிர்காப்பு. இன்றைக்கு நிலவரம் வேறு. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் உடல் பருமன் குறியீடு 25 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், அடுத்த சுற்றில், அதாவது 2019-21இல், 40.4 சதவீதம். இந்தியர்களுக்கு 23க்கு மேலேயே அதிக எடை என்று கொள்ள வேண்டும் என மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கோட்டை வைத்தால் எண்ணிக்கை இன்னும் ஏறும். அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பருமனும் சோகையும் ஒரே உடலில் சேர்ந்திருப்பதுதான் நம்முடைய தனிச்சிக்கல். எடை கூடியிருக்கிறது என்பதால் உடம்பில் சத்து நிறைந்திருக்கிறது என்று பொருளில்லை. பாலூட்டும் பெண்ணுக்கு உணவைக் குறைக்கச் சொல்லும் எவரும் முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடலுழைப்பு அதிகமில்லாத, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,660 கலோரி போதும். முதல் ஆறு மாதம் பால் மட்டுமே கொடுக்கும்போது 600 கலோரி கூடுதலாகத் தேவை. அடுத்த ஆறு மாதத்தில் 520. ஆக, எடை மாறாமல் இருக்கவே அவளுக்கு 2,260 கலோரி வேண்டும். உடல் கொழுப்பில் ஒரு கிலோ கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை தேவை. தினம் 500 கலோரி குறைந்தால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். 2,260இல் 500 போனால் 1,760. கருத்தரிப்பதற்கு முன்பு அளவாகச் சாப்பிட்டுவந்த சாப்பாட்டின் அளவு கிட்டத்தட்ட இதுதான்! பழையபடி சாப்பிட்டுவந்தாலே போதும், பால் தன் பங்குக்கு எடையைக் கரைத்துவிடும். தனியாக ஒரு ‘டயட்’டே தேவையில்லை. அப்படியானால் பால் கொடுக்கிற எல்லோரும் தானாக மெலிய வேண்டுமே, ஏன் மெலிவதில்லை என்று கேட்கலாம். பாலூட்டும்போது பசி கூடுகிறது, நடமாட்டம் சுருங்குகிறது, தூக்கம் துண்டு துண்டாகிறது, ‘பால் ஊறட்டும்’ என்று ஆளுக்கொரு தம்ளர் நீட்டுகிறார்கள். நூறு கிராம் மிக்சர் கிட்டத்தட்ட 500 கலோரி. மாலை நேரத்தில் இரண்டு கைப்பிடியில் முடிந்துவிடும் சமாச்சாரம் அது.

கணக்கு தாளில் சரியாக வரும், உடம்பில் வருமா? அமெரிக்காவின் வட கரோலினாவில் செரில் லவ்லேடி நடத்தி 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. அதிக எடையுள்ள 40 பாலூட்டும் தாய்மார்கள். குழந்தைக்கு நான்கு வாரம் முதல் பதினான்கு வாரம் வரை. ஒரு பாதியினர் தினம் 500 கலோரி குறைத்து, வாரத்தில் நான்கு நாள் 45 நிமிடம் உடற்பயிற்சி செய்தார்கள். மறுபாதியினர் வழக்கப்படி இருந்தார்கள். பத்து வார முடிவில் முதல் அணி சராசரியாக 4.8 கிலோ இழந்தது, மற்ற அணி 0.8 கிலோ. இரு அணிக் குழந்தைகளும் எடையிலும் உயரத்திலும் ஒரேபோல வளர்ந்தார்கள். நாற்பது பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் ஸ்வீடனில் 68 பெண்களை வைத்து நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில்தான் போகிறது. அங்கே உணவுமுறையை மட்டும் மாற்றியவர்கள் பன்னிரண்டு வாரத்தில் எட்டுக் கிலோவுக்கு மேல் குறைத்தார்கள். ஓராண்டு கழித்தும் அது திரும்பவில்லை. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அப்படிப்பட்ட பலன் கிட்டவில்லை. ‘உடற்பயிற்சி செய்தால் பால் புளிக்கும், குழந்தை குடிக்காது’ என்கிற பயத்துக்கும் 1994லேயே விடை வந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் கேத்ரின் டூயி குழுவினர் பாலூட்டும் பெண்களைப் பன்னிரண்டு வாரம் பயிற்சி செய்யவைத்துப் பார்த்ததில் பாலின் அளவும் மாறவில்லை, தன்மையும் மாறவில்லை. எடையும் மாறவில்லை என்பது கொசுறுச் செய்தி. பயிற்சி செய்தவர்கள் கூடவே கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டார்கள். மொட்டைமாடியில் நடப்பதால் மட்டும் எடை இறங்கும் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இங்கேதான் இளையவர்களிடமிருந்து வலுவான மறுப்பு வருகிறது. குழந்தைக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே, பிறகு ஏன் வாரத்துக்கு அரைக் கிலோ என்று தவழ வேண்டும்? மாவுச்சத்தை ஒதுக்கும் பேலியோ உணவுமுறையில் இருந்தால் ஒரே மாதத்தில் வேண்டிய அளவு இறங்குமே? நியாயமான கேள்வி. விடை தாயின் உடம்பில் இருக்கிறது. பாலில் போகிற சுண்ணாம்புச்சத்து உணவிலிருந்து மட்டும் போவதில்லை. பாலூட்டும் சில மாதங்களில் தாயின் எலும்பு அடர்த்தி 3 முதல் 5 சதவீதம் வரை குறையும். பால் மறந்த பிறகு அது பெரும்பாலும் மீண்டுவிடும். இது இயற்கையின் கைமாற்று, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கடன் வாங்கியிருக்கிற காலத்தில் சாப்பாட்டையும் பாதியாக வெட்டுவது புத்திசாலித்தனமல்ல. தசையின் கதையும் இப்படித்தான். 1999இல் வெளியான இன்னொரு ஆய்வில் பாலூட்டும் பெண்கள் பதினொரு நாள் உணவைக் கணிசமாகக் குறைத்தார்கள். பாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் உணவை மட்டும் குறைத்தவர்கள் இழந்த எடையில் தசையும் கணிசமாகப் போயிருந்தது. கூடவே உடற்பயிற்சியும் செய்தவர்கள் இழந்தது பெரும்பாலும் கொழுப்பு. எடை காட்டும் இயந்திரத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடுவதும் தெரிந்த விஷயமே. கர்ப்பமே அந்த வாய்ப்பைக் கூட்டிவைத்திருக்கும்.

மாவுச்சத்தை அடியோடு நிறுத்தும் முறைகளில் ஆபத்து இன்னும் நேரடியானது. பால் உற்பத்திக்குச் சர்க்கரை இடைவிடாமல் வேண்டும். சோறும் இல்லை, சப்பாத்தியும் இல்லை, பழமும் இல்லை என்றால் உடல் கொழுப்பை எரித்து உண்டாகும் கீட்டோன் அமிலங்கள் ரத்தத்தில் அளவு மீறித் தேங்கக்கூடும். ஸ்வீடனில் மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்து, கொழுப்பைக் கூட்டிச் சாப்பிட்டுவந்த 32 வயதுப் பாலூட்டும் தாய் ஒருவர் குமட்டல், வாந்தி, படபடப்பு, நடுக்கம் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்ததை 2015இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. சர்க்கரை நோயே இல்லாத உடம்பில் சர்க்கரை நோயாளிகளுக்கு வருகிற அமிலத் தேக்கம். குளுக்கோஸும் இன்சுலினும் கொடுத்த பிறகு அவர் தேறினார். இப்படிப்பட்ட நிகழ்வுகள் அபூர்வம். பேலியோ இருந்த எல்லாத் தாய்மார்களுக்கும் இது வந்துவிடாது. ஆனால் தமிழில் பேலியோவைப் பரப்புகிற முகநூல் குழுக்களிலும் யூடியூபிலும் மற்றவர்களுக்குச் சொல்கிற அதே பட்டியலைப் பால் கொடுக்கிறவளும் எடுத்துக்கொள்வது தவறு. அவள் உடம்பில் ஏற்கெனவே 600 கலோரிச் செலவு ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர்கூடக் குடிக்காத விரதங்களுக்கும் இதுவே பொருந்தும். பால் கொடுப்பவர்களுக்கு ரமலான் நோன்பிலேயே சலுகை உண்டு என்பதை நினைவில் கொள்ளலாம்.

பாலின் அளவும் தன்மையும் மாறுவதில்லை என்று இதுவரை சொன்னதில் ஒரு விலக்கு இருக்கிறது, அது முக்கியமானது. பாலில் உள்ள மாவுச்சத்து, புரதம், சுண்ணாம்பு, இரும்பு ஆகியவை தாயின் சாப்பாட்டைப் பார்த்து அதிகம் மாறுவதில்லை. ஆனால் பி1, பி12 போன்ற வைட்டமின்களும் அயோடினும் தாய் சாப்பிட்டால்தான் பாலுக்கு வரும். தீட்டிய அரிசியையே நம்பி, காய்கறி, பருப்பையெல்லாம் விலக்கிய தாய்மார்களின் கைக்குழந்தைகளுக்கு பி1 குறைவால் உயிருக்கே ஆபத்தான பெரிபெரி வந்தது பழைய வரலாறு மட்டுமல்ல; காஷ்மீரிலிருந்து அண்மைக் காலத்திலும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பால், முட்டை, மீன் எதுவும் போதிய அளவு எடுக்காத தாய்க்கு பி12 குறைந்தால், குழந்தை சோர்ந்துபோவதும் வளர்ச்சி பின்தங்குவதும் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் நன்கறிந்தவை. இந்த இடத்தில் பாட்டியின் பத்தியமும் பேத்தியின் டயட்டும் ஒன்றாகிவிடுகின்றன. கீரை குளிர்ச்சி, பழம் சளி, முட்டை சூடு என்று ஒருத்தி விலக்குகிறாள். சோறு சர்க்கரை, பருப்பு வாயு, பால் கொழுப்பு என்று இன்னொருத்தி விலக்குகிறாள். வகையை விலக்குவதுதான் இரண்டிலும் கேடு. அளவைக் குறைக்கலாம், வகையைக் குறைக்கக் கூடாது.

‘இவ்வளவு சிக்கல் எதற்கு, பால் மறந்த பிறகு பார்த்துக்கொண்டால் போகிறது’ என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. முதல் ஆறு வாரம் எடையைப் பற்றி நினைக்கவே வேண்டாம். உடம்பு ஆறட்டும், பால் நிலைகொள்ளட்டும். தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்கிறது அதே 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பு. வயிற்றைக் கிழித்துத் தைத்த பெண் மெல்ல நடக்கலாமே தவிர, வயிற்றுக்கான பயிற்சிகளை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே தொடங்க வேண்டும். துணியை இறுக்கிக் கட்டுவது இடுப்புக்கு இதமாக இருக்கலாம். அது கொழுப்பைக் கரைப்பதில்லை. ஆனால் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று தள்ளிப்போடுவதற்கு விலை உண்டு. ஏறிய எடை இறங்காமலே அடுத்த கர்ப்பம் வந்தால் அதன் மேல் இன்னும் ஏறும். கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களுக்கு இது அவசரமான விஷயம். இந்தியாவில் இதைப் பற்றித் தொடர்ந்து பேசியவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா, அவர் பிறந்தநாளான மார்ச் 10 தேசியக் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பிரசவத்தோடு சர்க்கரை அடங்கினாலும், பின்னாளில் அது நிரந்தர நோயாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட இவர்களுக்கு ஏழு மடங்குக்கு மேல். நல்ல செய்தி, பாலூட்டுவதே இதற்குக் கேடயம். கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட ஆயிரம் பெண்களைப் பின்தொடர்ந்து எரிக்கா கண்டர்சன் 2015இல் வெளியிட்ட ஆய்வில், அதிகமாகவும் நீண்ட காலமும் பால் கொடுத்தவர்களிடம் இரண்டு ஆண்டுக்குள் நீரிழிவு வந்தது ஏறத்தாழ பாதியாக இருந்தது. பாலை நிறுத்திவிட்டு எடையைக் குறைக்கலாம் என்பது, ஆக, கைக்கு வந்த மருந்தைத் தள்ளிவிட்டு வைத்தியரைத் தேடுவது.

நடைமுறையில் என்ன செய்வது? ஆறாவது வாரத்துக்குப் பிறகு, தட்டில் சோற்றின் இடத்தைக் கொஞ்சம் சுருக்கி, அந்த இடத்தில் காயும் பருப்பும் முட்டையும் மீனும் வரட்டும். முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட ஏறத்தாழ 17 கிராம் புரதம் கூடுதலாக வேண்டும். இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் அதை ஈடுகட்டிவிடும். இனிப்பு, பொரித்தது, சர்க்கரை போட்ட சத்து பானங்கள், நெய்யில் மிதக்கும் லேகியம் இவற்றில்தான் அந்த 500 கலோரி ஒளிந்திருக்கிறது. அங்கன்வாடியில் தரும் சத்துமாவு நல்ல பொருள். அதிக எடை உள்ளவர்கள் அதை ஒரு வேளை உணவுக்குப் பதிலாகக் கஞ்சியாகக் குடிக்கலாம். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு மேல் கூடுதலாகக் குடித்தால் எடை ஏறத்தான் செய்யும். எந்த நாளும் 1,500 கலோரிக்குக் கீழே இறங்க வேண்டாம். இரும்பு, சுண்ணாம்பு மாத்திரைகளைப் பிரசவத்தோடு நிறுத்தக் கூடாது. அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதத்துக்குக் கொடுக்கிறார்கள். 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த எடைக்குறைப்பு ஊசிகளான மவுன்ஜாரோவும் வெகோவியும் பால் கொடுக்கும் காலத்துக்கு உரியவை அல்ல. இந்தக் காலத்தில் அவை பத்திரமானவை என்று காட்டும் ஆதாரம் போதாது. ‘ஸ்லிம்மிங் டீ’ வகையறாக்களைப் பற்றி எழுதுவதே வீண்; பலவற்றில் இருப்பது பேதிக்கான இலை. இவ்வளவு செய்தும் எடை அசையாமல், சோர்வும் மலச்சிக்கலும் சேர்ந்திருந்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு தடுமாறுவது அரிதல்ல.

பட்டியலில் யாரும் சேர்க்காத ஒன்று தூக்கம். அமெரிக்காவில் தாய்மார்களைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று, குழந்தைக்கு ஆறு மாதமாகும்போது ஐந்து மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்கள், ஓராண்டு முடிவில் ஐந்து கிலோவுக்கு மேல் சுமந்துகொண்டிருக்கும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது. நடுராத்திரியில் பால் கொடுக்க அவள்தான் எழ வேண்டும். ஏப்பம் விடவைக்க, துணி மாற்ற, திரும்பத் தூங்கவைக்க அவளே எழ வேண்டும் என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. ஆண்களுக்கு இதில் வேலை இருக்கிறது; ‘எப்போ பழையபடி ஆவே?’ என்று கேட்பது அந்த வேலையல்ல. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 12 மாதமும் தனியாரில் 26 வாரமும் மகப்பேறு விடுப்பு உண்டு. ஜவுளிக்கடையில் நின்று வேலை பார்க்கிறவளுக்கும் வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கும் நடைமுறையில் அதுகூடக் கிடைப்பதில்லை என்பதால், அவர்களிடம் போய் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன் யோசிக்க வேண்டும். அவர்களுக்கு வேண்டியது முட்டையும் ஓய்வும்.

குழந்தைக்கு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் தடுப்பூசி போடப் போகும்போது குழந்தையை எடைபோடுகிறார்கள், அட்டையில் குறிக்கிறார்கள். தூக்கிக்கொண்டு போனவளை யாரும் அதே வேளையில் பார்ப்பதில்லை. அடுத்த முறை போகும்போது, அவளுடைய எடையையும் ரத்த அழுத்தத்தையும் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருந்தால் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனையையும் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவற்றுக்குக் காசு வாங்குவதில்லை.